உப்புநீர்த் தொட்டியில் பாசி: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கடல் மீன் வளர்க்கும் மரைன் தொட்டி வைத்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் கண்ணாடிக்குள் நிறம் மாறத் தொடங்கும். வெள்ளை மணல் பழுப்பாகும். கல்லில் பச்சை முடி முளைக்கும். சிலருக்குக் கருஞ்சிவப்பாக, பாலாடை போல ஒன்று மணலை மூடும். அப்போதுதான் எனக்கு அழைப்பு வரும்: “அண்ணே, என்ன மருந்து ஊத்தணும்?”

மருந்து பற்றி அப்புறம் பேசலாம். வந்திருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். பழுப்பாக வருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று டயட்டம், சும்மா விட்டாலே போய்விடும். மற்றது டைனோ, தண்ணீரை மாற்ற மாற்றப் பெருகும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முத்தியால்பேட்டையில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் 120 லிட்டர் தொட்டியில் டைனோ வந்தபோது, டயட்டம் என்று நினைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். இரண்டே வாரத்தில் ஆறு நத்தைகள் செத்தன. அதன் பிறகுதான் அடையாளம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஊசி வேண்டாம். தொட்டித் தண்ணீரையே அதில் இழுத்து, படிந்திருப்பதன்மேல் பீய்ச்சிப் பாருங்கள். தூளாகக் கலைந்து புகைபோல எழுந்தால் டயட்டமாக இருக்கலாம். தகடு தகடாகப் பெயர்ந்து வந்தால் சயனோ, மேலே சொன்ன கருஞ்சிவப்புப் பாலாடை. சளிபோல நூல் விட்டு இழுபட்டால் டைனோ. எவ்வளவு பீய்ச்சினாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு ஆடினால் அது முடிப்பாசி வகை.

அடுத்து, காலையில் தொட்டி விளக்கு எரிவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். அன்று மாலையும் பாருங்கள். இரண்டு வேளையும் கைப்பேசியில் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. மாலையில் மணல் முழுக்கப் பழுப்பு, காலையில் ஏறக்குறையச் சுத்தம் என்றால் டைனோ என்ற சந்தேகம் வலுக்கிறது. டயட்டமும் முடிப்பாசியும் இரவில் எங்கும் போகாது.

பிறகு டெஸ்ட் கிட். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியின் சைக்கிள் இன்னும் முடியவில்லை, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனும் வேண்டாம், பாசியைப் பற்றிய கவலையும் வேண்டாம். மற்றவை இருக்க வேண்டிய அளவு: நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்., உப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. பவளம் வைக்க நினைப்பவருக்கும் மீன் மட்டும் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொட்டி முழுக்கப் பச்சை முடி இருக்கும், ஆனால் கிட்டில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று வரும். கிட் பழுதில்லை. கிட் அளப்பது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்தான். பாசி தின்று தன் உடம்பில் வைத்திருப்பது அதில் வராது. ஆகவே பாசி நிறைந்த தொட்டியில் பூஜ்யம் வந்தால், சத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள்

விரலால் தேய்த்தால் மாவுபோல வரும். நூல் இல்லை, குமிழி அதிகம் இல்லை, காலை மாலை ஒரே மாதிரி இருக்கிறது. இது டயட்டம். சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் உயிர். தண்ணீரில் சிலிகேட் இருக்கும்வரை ஓடு கட்டிக்கொண்டு பெருகும், சிலிகேட் தீர்ந்ததும் ஓய்ந்துவிடும். புதுத் தொட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது வரும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் போகும். கண்ணாடியை மட்டும் துடையுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்குமேல் எரிய விடாதீர்கள். மணலைத் தினமும் கிளறாதீர்கள்.

இரண்டு மாதம் கடந்தும் போகவில்லை என்றால் நீங்கள் ஊற்றும் நன்னீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலும் போர் தண்ணீர் கடினமானது. கடலை ஒட்டிய தெருக்களில் உப்பும் ஏறியிருக்கும். சமையலறையில் ஆர்.ஓ. மிஷின் இருக்கிறதே என்பார்கள். குடிக்கும் தண்ணீருக்கான அந்த மிஷின்கள் பலவற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்துவிடுவதே அதன் வேலை. குடிக்க அது சரி, தொட்டிக்குச் சரியில்லை. டி.டி.எஸ். மீட்டரை அந்தக் குழாயில் வைத்துப் பாருங்கள், 80, 100 என்று காட்டலாம். நமக்கு வேண்டியது 0. அதற்கு ஆர்.ஓ. மெம்பிரேனுக்கு அடுத்து மிச்சம் கரைந்திருப்பதைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்று வைக்க வேண்டும்.

ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வருபவற்றில் சிலிகேட்டும் ஒன்று. அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, அதனால் மீட்டர் அப்போதும் 0 என்றே காட்டும். நிறம் மாறும் ரெசின் வாங்கி, முக்கால் பங்கு நிறம் மாறியதுமே மாற்றிவிடுங்கள். மீட்டர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பழுப்புச் சளி, நூல் நூலாக, நுனியில் குமிழி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். புதுத் தொட்டியைக் கைவிட வைப்பது பெரும்பாலும் இதுதான்.

டைனோ என்று நாம் சுருக்கிச் சொல்வது டைனோஃபிளாஜெல்லேட். சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் நுண்ணுயிர். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக மின்னியதே, அதுவும் இந்தக் குடும்பத்து உயிர்தான், நாக்டிலூகா என்று பெயர். தொட்டியில் தொல்லை தருவது அதன் வேறு சொந்தங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ், ஆம்ஃபிடினியம் என்ற இரண்டை அதிகம் பார்க்கலாம்.

உறுதி செய்ய எளிய வழி ஒன்று. சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு சிறு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீர் தெளிவாக இருக்கும். அதை விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் நூலாகக் கூடினால் டைனோ. டயட்டமோ சயனோவோ அப்படித் தன்னைத்தானே திரும்பக் கட்டிக்கொள்ளாது. பள்ளிப் பிள்ளைகளின் மைக்ராஸ்கோப் கிடைத்தால் 400 மடங்கில் பாருங்கள். கண்ணீர்த் துளி வடிவில், ஒரே புள்ளியில் கயிறு கட்டியது போலச் சுற்றினால் ஆஸ்ட்ரியாப்சிஸ். மணலுக்குள் முட்டை வடிவில் சறுக்கிக்கொண்டு திரிந்தால் ஆம்ஃபிடினியம். டயட்டம் என்றால் கண்ணாடிப் படகுபோல, குச்சிபோல இருக்கும்.

இது ஏன் வருகிறது? பெரும்பாலும் தொட்டி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதால். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்டால், இடம் பிடிக்க வேண்டிய பாக்டீரியாவும் சாதாரணப் பாசியும் பட்டினியில் ஒதுங்கும். காலியான இடத்தில் டைனோ உட்காரும். பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புக் குருணை, ஒரே ஒரு குட்டி மீன், வாராவாரம் தண்ணீர் மாற்றம் என எல்லாம் ஒழுங்காகச் செய்யும் ஆளுக்குத்தான் இது வரும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். “தண்ணி மாத்துனா ரெண்டு நாள் நல்லா இருக்குண்ணே, அப்புறம் முன்ன விட அதிகமா வருது” என்றார். நைட்ரேட் எவ்வளவு என்று கேட்டேன். “சுத்தமா பூஜ்யம்ணே” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

செய்ய வேண்டியது இது. தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் குருணையை வெளியே எடுங்கள். ஸ்கிம்மரை ஒரு நாளில் பாதி நேரம் மட்டும் ஓட்டுங்கள். மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நைட்ரேட் ஏறவே இல்லை என்றால் ஆய்வகத் தரப் பொட்டாசியம் நைட்ரேட் கலக்கலாம். 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் போட்டால் நைட்ரேட் ஏறக்குறைய 6 பி.பி.எம். கூடும். ஒரே நாளில் போடாதீர்கள், மூன்று நான்கு நாளாகப் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். உரக்கடைப் பொட்டலம் வேண்டாம், அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05-க்குக் குறையாமல் என்ற நிலையில் வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் உண்மையான வைத்தியம்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் மிதக்கும். அதனால் யூ.வி. விளக்கு அதற்கு நன்றாக வேலை செய்யும். 10 முதல் 12 லிட்டருக்கு 1 வாட் என்ற கணக்கில், சம்ப்பில் (கீழே இருக்கும் துணைத் தொட்டியில்) மாட்டாமல் தொட்டியிலிருந்தே தண்ணீர் எடுத்துத் தொட்டிக்கே விடும்படி, மெதுவான ஓட்டத்தில் வையுங்கள். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு அதிகம் நகராது, யூ.வி. அதற்குப் பயன்படாது. அதற்குச் சிலர் வேண்டுமென்றே சிலிகேட் கலந்து டயட்டத்தை வளர்த்து இடத்தைப் பிடிக்க வைக்கிறார்கள். முதல் அறிகுறியில் விரட்டப் பார்த்த அதே டயட்டம் இங்கே துணைக்கு வருகிறது. முறை சரிதான், பொறுமை வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. ஆஸ்ட்ரியாப்சிஸின் சில வகைகள் கடும் நஞ்சு சுரப்பவை. மேய்ந்த நத்தைகள் சாவது அதனால்தான். தண்ணீர் இறக்கும் சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள், கையுறை போடுங்கள், கல்லை வெளியே எடுத்து வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யவே செய்யாதீர்கள். ஆவி நுரையீரலுக்குப் போகும்.

கருஞ்சிவப்புத் தோல், ஆடை போல மூடுகிறது

மதியத்துக்குமேல் அடியில் குமிழிகள் முட்டிக்கொண்டு நிற்கும். ஓர் ஓரத்தைப் பிடித்தால் முழுசாக உரிந்து வரும். வெளியே எடுத்தால் சேற்று நாற்றம். இது சயனோ பாக்டீரியா, பாசி என்று அழைத்தாலும் பாசி இல்லை. சிவப்பில் மட்டும் வரும் என்றும் இல்லை, கரும்பச்சையிலும் கறுப்பிலும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் ஓட்டம் செத்த இடத்தில்தான் முதலில் வரும். கல்லுக்குப் பின்புறம், மூலை, மணலின் பள்ளம். ஆகவே மருந்து தேடும் முன் வேவ்மேக்கரின் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்பின்) முகத்தைத் திருப்புங்கள். மணல் பறக்காமல் அசைகிற அளவு ஓட்டம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பிறகு சைஃபன் போட்டு, தோலை மணலின் மேல்பூச்சோடு சேர்த்து உறிஞ்சி எடுங்கள். கையால் கசக்கிக் கலைத்தால் துண்டுகள் தொட்டி முழுக்கப் போய் உட்காரும். வாரம் இரண்டு முறை இதைச் செய்து, கல்லிடுக்கில் தங்கிய தீனியையும் கழிவையும் சிரிஞ்சால் ஊதிக் கிளப்பிவிடுங்கள். மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லை என்றால் மூன்று நாள் விளக்கை முழுக்க அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடிவிடுங்கள். காற்றுக் குமிழி விடும் காற்றுக் கல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கட்டும், சாகும் சயனோ ஆக்சிஜனைக் குடித்துவிடும்.

எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று கேட்கிறார்கள். போட்டால் சயனோ சாகும், உண்மைதான். ஆனால் அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காக்கும் உயிர்களும் பாக்டீரியாதான். இரண்டு மாதமே ஆன தொட்டியில் அவற்றின்மேல் ஆன்டிபயாடிக் ஊற்ற என் மனம் ஒப்பாது. ஓட்டமும் கழிவும் சரியாகாமல் போனால் ஒரு மாதத்தில் திரும்பி வரவும் செய்யும். நைட்ரேட் பூஜ்யமாகவும் பாஸ்பேட் ஏறியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சயனோவில் சில வகைகள் காற்றின் நைட்ரஜனையே பிடித்து உண்ணும், அந்தச் சூழலில் மற்ற எதையும்விட அவைதான் செழிக்கும்.

கல்லின்மேல் பச்சை முடி

புதுத் தொட்டியில் இது வருவது இயல்பு. ஒரு விரற்கடை நீளம், அங்கங்கே என்றால் கவலை வேண்டாம். கல்லே தெரியாமல் மூடினால், உள்ளே சத்து எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

முதல் சந்தேகம் தீனி. இங்கே மார்க்கெட்டில் இறால் தாராளமாகக் கிடைப்பதால் நறுக்கி நேரே போடுகிறோம். அந்தச் சாறு முழுக்கப் பாஸ்பேட். ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். ஃப்ரோசன் தீனியும் அப்படியே, கட்டியை உருக்கிய தண்ணீரை ஊற்றவே கூடாது.

இரண்டாவது, கல். பல நாள் வெளியே கிடந்த உலர்ந்த கல் பாஸ்பேட்டைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும், மாதக்கணக்கில் கசியவிடும். உள்ளே வைக்கும் முன் ஒரு டிரம்மில் உப்புநீரில் போட்டு, பம்ப் ஓட விட்டு, வாரம் ஒருமுறை பாஸ்பேட் பார்த்து, ஏற்றம் நின்ற பிறகே எடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே வைத்தாயிற்று என்றால் இரும்புக் குருணையைக் கொஞ்சமாக, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் போட்டு மெதுவாக இறக்குங்கள். ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இழுத்தால் முடி போய் டைனோ வந்து நிற்கும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரை ஒதுங்கிய பவளத் துண்டுகளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கல் பவளங்கள் எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். செத்த துண்டு என்றாலும் வைத்திருப்பது குற்றம். சுண்ணாம்புக் கல்லும் பீங்கான் கல்லும் போதும்.

இனி, இருக்கும் முடியை எடுப்பது. தண்ணீர் மாற்றும் நாளில், சைஃபன் குழாயின் வாயில் பழைய டூத் பிரஷ் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். தேய்த்ததும் அந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும், துண்டுகள் பரவாது. கையில் பிடிபடுவதைப் பிடுங்கி எடுங்கள். ஒரு பிடி முடியை எடுத்தால் அதனுள் பூட்டியிருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. பாசி இருந்த இடத்திலேயே செத்து அழுகினால் அவ்வளவும் தண்ணீருக்கே திரும்பும், இதனால்தான் கொல்லும் மருந்தைவிடப் பிடுங்கும் கையை நம்புகிறேன்.

சின்னக் கல் என்றால் வெளியே எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தடவலாம். மெடிக்கல் ஷாப்பில் 20 வால்யூம் என்று கிடைப்பது 6 சதவீதம், சம அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 3 சதவீதமாகும். முடியின்மேல் பிரஷால் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பக்கெட்டில் இருக்கும் உப்புநீரில் நன்றாக அலசிய பிறகு உள்ளே வையுங்கள். நுரைக்கும், அது சரிதான். இறால் இருக்கும் தொட்டிக்குள் நேரடியாக ஊற்றிவிடாதீர்கள்.

முடி குட்டையான பிறகே நத்தைகள் வேலை செய்யும். டர்போ, டிரோகஸ் நத்தைகள் குட்டைப் புல்லை மேய்பவை, நீண்ட கூந்தலைத் தொடமாட்டா. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையில் பொறுக்கிய நத்தையைக் கொண்டுவந்து விடுபவர்கள் உண்டு. மணலில் புதைந்து வாழும் அவற்றில் பல ஊன் உண்பவை, பாசியைத் திரும்பிக்கூடப் பாரா. கடையிலிருந்து வாங்கும் நத்தையையும் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் பழக்கியே உள்ளே விடுங்கள். உப்பு மாற்றத்தை மீன் தாங்கும் அளவுக்கு நத்தை தாங்காது.

விளக்கையும் பாருங்கள். வெள்ளையும் சிவப்பும் குறைத்து, நீலத்தை வைத்து, ஆறேழு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி இருந்தால் திரை போடுங்கள்.

முடி அல்ல, குட்டி இறகுகள் மாதிரி இருக்கிறது

நடுவில் தண்டு, இரு பக்கமும் சீப்புப் பல்போல இழைகள் என்றால் பிரயாப்சிஸ். நத்தைகள் தொடாது, பிடுங்கினால் வேரிலிருந்து முளைக்கும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து இதைக் கொல்கிறது. வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் அளவு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம். மருந்தை உறிஞ்சிவிடும் கார்பனையும் யூ.வி.யையும் நிறுத்தி, இரண்டு வாரம் விட்டு, பிறகு தண்ணீர் மாற்ற வேண்டும். கையால் முடிந்த அளவு குறைத்த பிறகு, கடைசி வழியாக மட்டும். மேலே சொன்ன சாதாரண முடியைப் பிரயாப்சிஸ் என்று தவறாக நினைத்து இதைப் போடுபவர்கள் அதிகம், இறகு வடிவத்தை லென்ஸில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பச்சைக் கண்ணாடி மணிபோல உருண்டையாக இருந்தால் வலோனியா. தொட்டிக்குள் உடைக்காமல், கல்லோடு வெளியே எடுத்து, கத்தி நுனியால் அடியோடு நெம்புங்கள்.

இளஞ்சிவப்பு, ஊதா நிறத்தில் சுண்ணாம்புபோல் கெட்டியாகப் புள்ளி விழுந்தால் அது கோரலைன் என்ற நல்ல பாசி. விட்டுவிடுங்கள். கால்சியமும் ஆல்கலினிட்டியும் நன்றாக இருக்கும் தொட்டியில்தான் அது வரும்.

தண்ணீரே நிறம் மாறிவிட்டது

பச்சை என்றால் மிதக்கும் நுண்பாசி. வெயிலை மறைத்து, மூன்று நான்கு நாள் இருட்டில் வைத்தால் தெளியும், யூ.வி. இருந்தால் இன்னும் சீக்கிரம். தண்ணீர் மாற்றி இதைத் தீர்க்க முடியாது, மிச்சமிருப்பது ஓரிரு நாளில் பெருகிவிடும்.

பால்போல வெள்ளை என்றால் பாக்டீரியா. எங்காவது ஒரு மீனோ நத்தையோ செத்துக் கிடக்கிறதா என்று தேடுங்கள். இதில் ஆபத்து ஆக்சிஜன் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் உடனே காற்றுக் கல் போடுங்கள், வேவ்மேக்கரை மேற்பரப்புப் பக்கம் திருப்புங்கள். மின்சாரம் போகும் நேரத்தில் இப்படி ஆனால் காலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எதைச் செய்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது

அப்படியென்றால் தண்ணீர் வரும் வழியில்தான் கோளாறு. நம் ஊரில் எல்லோரும் கேட்பது: “கடல் பக்கத்துலயே இருக்கு, உப்பு எதுக்கு விலை கொடுத்து வாங்கணும்?”

கரையோரத் தண்ணீர் நடுக்கடல் தண்ணீர் இல்லை. புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு கலக்கிறது, கடலூரில் கெடிலமும் பரவனாறும் கலக்கின்றன. ஊர்க் கழிவு, வயல் உரம், துறைமுகப் படகு டீசல் எல்லாம் அதில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் பெருகும்போது உப்பு 30-க்குக் கீழேயும் இறங்கலாம், வண்டலும் சிலிகேட்டும் கூடவே வரும். 2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடற்கரையில் தண்ணீர் செந்நிறமாக மாறியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் ஒரு குடம் எடுத்தால் தொட்டிக்குள் என்ன வரும் என்று யோசியுங்கள். படகில் ஆழக்கடல் போய் எடுத்துவந்து, இரண்டு வாரம் இருட்டில் மூடி வைத்து, வடிகட்டி, உப்பும் பாஸ்பேட்டும் பார்த்துப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், அது சரியான முறை. புதிதாகத் தொடங்குபவர் முதல் ஓராண்டாவது ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் (ஆர்.ஓ.வும் டி.ஐ. ரெசினும் கடந்த தண்ணீரில்) மரைன் உப்பு கலப்பதே நல்லது. லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேலே பிடிக்கும், கடைசி அளவை உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் சொல்லட்டும்.

இன்னொரு கோளாறு கத்திரி வெயிலில் தெரியும். மே மாதம் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். சயனோவும் டைனோவும் சூட்டில் கொழிக்கும். தண்ணீர்மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடற்காற்றின் ஈரத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. விசிறியால் 100 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. அந்த 2 லிட்டரைக் கடல்நீரால் நிரப்பினால் தினம் 70 கிராம் உப்பு கூடும். பத்தே நாளில் 35 என்பது 42 ஆகிவிடும். போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பளவு சரியாக இருக்கும், ஆனால் 600 டி.டி.எஸ். தண்ணீர் மாதத்துக்கு 36 கிராம் கரைபொருளை உள்ளே விட்டுச் செல்லும். அதில் ஒரு பகுதி நைட்ரேட்டும் சிலிகேட்டுமாக இருக்கலாம். ஆவியானதை ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் டி.டி.எஸ். குறைவாகக் காட்டும், அதையும் எடுக்காதீர்கள். அது செம்புக் குழாய்மேல் வழிந்து வருகிறது, நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு நஞ்சு.

மாற்றம் எதுவாக இருந்தாலும் வாரத்துக்கு ஒன்று மட்டும் செய்து, நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். விளக்கு, தீனி, குருணை, ஓட்டம் நான்கையும் ஒரே நாளில் மாற்றினால், பாசி குறைந்தாலும் கூடினாலும் எதனால் என்று உங்களுக்குத் தெரியாது.

எடுத்த பாசியை என்ன செய்வது

கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பலர் அங்கேயே கொட்டுகிறார்கள். வேண்டாம். 1984-இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்கு அருகே காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி கடலுக்குள் காணப்பட்டது. அது பிறகு மத்தியதரைக் கடலின் பல கரையோரங்களில் பரவியது. நம் தொட்டியில் இருப்பது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று நமக்கே தெரியாது. பிழிந்த பாசியை மாடியில் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். உறிஞ்சிய உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகும், கழிவறையில் ஊற்றிவிடுங்கள். டைனோ இருந்த தொட்டியில் பயன்படுத்திய வலை, குழாய், சிரிஞ்ச் எல்லாவற்றையும் நன்னீரில் ஊறவைத்து நன்றாகக் காய்ந்த பிறகே இன்னொரு தொட்டியில் நனைக்க வேண்டும். நண்பர் கேட்டாலும் அதுவரை கடன் கொடுக்காதீர்கள்.